முதல் செலவு ரப்பருக்கு

காரை மாற்றியமைக்கும் ஆசை வந்தவர்கள் பணம் போடும் வரிசை அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். முதலில் பெரிய அலாய் வீல், அடுத்து சத்தம் போடும் சைலன்சர், பிறகு காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், கையில் மிச்சம் இருந்தால் ஈசியு ரீமேப், அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திருத்தி வலுவைக் கூட்டுவது. பிரேக் ஆயில் என்று ஒன்று இருப்பதே, பெடல் ஒரு நாள் பஞ்சு மாதிரி உள்ளே போகும்போதுதான் நினைவுக்கு வரும். இந்த வரிசையை அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும். டயர், பிரேக், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது), ஓட்டுகிறவர் உட்காரும் விதம், அதற்கப்புறம் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும். குதிரைத்திறன் கடைசி.

டயர் ஏன் முதலில் என்பதற்கு ஒரு கணக்கு போதும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன. நல்ல டயர் போட்டது 0.9 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு அளவுக்கு, வேகத்தைக் குறைக்கிறது. காய்ந்து கெட்டிப்பட்ட டயர் போட்டது 0.7 ஜி. முதல் கார் 43.7 மீட்டரில் நின்றுவிடும். அது நிற்கும் இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது இன்னும் 47 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முழுதாக நிற்க அதற்கு 56 மீட்டர் வேண்டும்.

இந்த 12 மீட்டரை எந்த பிரேக் கிட்டும் மீட்டுத் தராது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கிற அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், பெரிய டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஒற்றைப் பிரேக்கில் நிற்கும் தூரத்தைக் குறைக்கப்போவதில்லை. அங்கே எல்லை போடுவது ரப்பர். பெரிய பிரேக்கின் பலன் சூட்டைத் தாங்குவதில்தான். திரும்பத் திரும்ப ஓங்கிப் பிடிக்கும்போது மட்டும் அது தெரியும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது

205/55 ஆர்16 91வி என்று இருந்தால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 112.75 மி.மீ., ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 631.9 மி.மீ. 91 என்பது ஒரு டயர் தாங்கும் பாரம், 615 கிலோ. வி என்பது 240 கி.மீ. வேகத்துக்கான குறி. எச் 210, டபிள்யூ 270.

ரிம் அளவை ஏற்றும்போது மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் சூத்திரம். 17 அங்குலத்துக்குப் போகிறவர் 225/45 எடுத்தால் விட்டம் 634.3. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. அதே ஆள் சலுகையில் கிடைக்கிறதென்று 225/50 ஆர்17 போட்டால் விட்டம் 656.8 ஆகிவிடும், கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டும் கார் என்றால் அது 100 காட்டும்போது நிஜ வேகம் 104. கியர் விகிதம் நீண்டுவிடும், பிக்கப் மந்தமாகும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள் ஃபெண்டரில் டயர் உரசும். ஒரே ஒரு எண்தானே மாறியிருக்கிறது என்று நினைப்பதில் வரும் வினை இது. 3 சதவீதத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். பாரக்குறியைக் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே எப்போதும் இறக்காதீர்கள்.

ரிம்மில் ஆளைக் கவிழ்ப்பது ஆஃப்செட், அதாவது ரிம் காரோடு ஒட்டும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. 6.5ஜே இடி45 (6.5 அங்குல அகலம், 45 மி.மீ. ஆஃப்செட்) ரிம்மைக் கழற்றிவிட்டு 7.5ஜே இடி35 போடுகிறீர்கள் என்று வையுங்கள். அகலம் ஒரு அங்குலம் கூடுவதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. வளரும். ஆஃப்செட் 10 குறைவதால் ரிம் முழுவதும் 10 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 22.7 மி.மீ. துருத்தும், உள்பக்கம் ஷாக் அப்சார்பரை நோக்கி 2.7 மி.மீ. நெருங்கும். இந்த இரண்டு எண்களையும் தாளில் போட்டுவிட்டு, காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையே விரல் எவ்வளவு நுழைகிறது என்று பார்த்துவிட்டு ரிம் வாங்குங்கள். படத்தில் பொருந்துவது ஃபெண்டருக்குள் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

போல்ட் துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது, நடுத்துளையும் பொருந்த வேண்டும். வெளியில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் ஆகட்டும் என்று 73.1 மி.மீ. துளையோடு வரும், காரின் ஹப் (ரிம் உட்காரும் நடுமுனை) 60.1 ஆக இருக்கலாம். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் மாட்டினால் 90 முதல் 110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை வீல் பேலன்சிங் செய்தாலும் போகாது, ஏனென்றால் பேலன்சிங் மெஷினில் ரிம் சரியாக நடுவில்தான் உட்காருகிறது, காரில்தான் உட்காரவில்லை. நட்டின் முனையும் கவனம்: கூம்பு முனை நட்டுக்கான ரிம்மில் உருண்டை முனை நட்டைப் போட்டால் விளிம்பில் ஒரு வளையம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவி) நட்சத்திர வரிசையில் முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். டார்க் எண் காய்ந்த மரைக்கானது. கிரீஸ் இருந்தால் அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

தயாரான தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து ஆண்டுக்குமேல் ஆன டயரை ஆண்டுக்கொரு முறை ஆளிடம் காட்டுங்கள், பத்து ஆண்டானால் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள் என்பது தயாரிப்பாளர்கள் பலரும் சொல்லும் கணக்கு. வெயிலிலேயே நிற்கும் கார் என்றால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிராது. பட்டனின் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். உயிருள்ள ரப்பரில் நகம் பதிந்து மெல்ல மீளும். கெட்டிப்பட்டதில் நகம் வழுக்கும்.

டயர் எவ்வளவு காலம் தேயாமல் உழைக்கும் என்று காட்டும் ட்ரெட்வேர் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 100 என்பது ஒப்பீட்டு டயரின் எண். 400 என்றால் அதைவிட நான்கு மடங்கு தேயும் காலம் என்று பொருள் எடுக்கலாம், ஆனால் எண்ணைக் குத்திக்கொள்வது தயாரிப்பாளரே. ஒரு கம்பெனியின் 300ஐ அதே கம்பெனியின் 400ஓடு ஒப்பிடுங்கள், அடுத்த கம்பெனியோடு வேண்டாம். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் விரும்பும் 200 எண் டயர் சூடேறியபின் அருமையாகப் பிடிக்கும். குளிர்ந்த காலை மழையில் அதே டயர் சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கும். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு அது அழகல்ல.

காற்றும் தேய்மானமும்

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று தெரிந்தால்தான் கடைப்பிடிப்பார்கள். 25 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர் 50 டிகிரிக்குச் சூடானால் 36ஐத் தொடும். ஓடிவந்த சூட்டில் 36 காட்டுகிறதே என்று 4 பிஎஸ்ஐ இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் 28தான் இருக்கும். கதவோரத் தகட்டில் இருப்பதுதான் உங்கள் எண். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயரின் உச்ச அழுத்தம், அதை நிரப்பச் சொல்லவில்லை. நைட்ரஜன் போட்டால் அழுத்தம் மாறாது என்பதும் கதைதான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சூட்டில் இரண்டும் ஒன்றுபோலவே விரியும். ஈரப்பதம் இல்லாமலிருப்பதும் கொஞ்சம் மெதுவாகக் கசிவதும்தான் அதன் லாபம்.

டிராக்கில் ஓட்டுகிறவர்கள் சூட்டில் ஏறும் அழுத்தத்தை இடையிடையே இறக்கி விடுவார்கள். அது சரி. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது திரும்ப நிரப்ப மறப்பதுதான் தவறு. குறைந்த காற்றில் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்வதால் உள்ளே சூடு சேரும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கான நேர்வழி அது.

தண்ணீரில் டயர் மிதப்பதும் காற்றோடு தொடர்புடையதே. விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆய்வில் வந்த ஒரு சூத்திரம் இருக்கிறது: பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைலில் மிதக்கத் தொடங்கும் என்று வரும். 32 பிஎஸ்ஐக்கு சுமார் 94 கி.மீ., 24க்கு 82. பட்டன் நன்றாக இருந்தால் அது தண்ணீரை வெளியே தள்ளி இந்த வேகத்தை உயர்த்தும். மொட்டை டயருக்கு அந்தத் தயவும் கிடையாது. சட்டம் பல நாடுகளில் 1.6 மி.மீ. வரை விடுகிறது. மழையில் 3 மி.மீ. வந்தாலே மாற்றும் யோசனை வர வேண்டும்.

தேய்ந்த டயர் ஒரு நோய்ச்சீட்டு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, உள்ளோரம் மட்டும் தேய்ந்தால் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்க்கையில் அது உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்). சுற்றுவட்டத்தில் இடைவிட்டு இடைவிட்டுக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது, அல்லது பேலன்சிங் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கைக்குத் தெரியும். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து வெளியோரத்திலிருந்து உள்ளோரத்துக்கு இழுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் பூனையைத் தடவுவதுபோல வழவழப்பாகவும், எதிர்த்திசையில் அரம்போலச் சுரண்டலாகவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், முதலில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். சக்கரம் ஒவ்வொன்றிலும் டோ கால் டிகிரி தப்பினால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது என்று அர்த்தம். கேம்பரைக் குறை சொல்லும் தேய்மானங்களில் பல உண்மையில் டோவின் வேலை.

இரண்டே டயர் வாங்கக் காசிருந்தால் புதியதை எங்கே போடுவது என்ற வாதம் ஓயாதது. முன்சக்கரம் இழுக்கும் கார், ஸ்டீயரிங்கும் முன்னால், அதனால் முன்னால் போடு என்பார்கள். தவறு. புதியது பின்னால் போக வேண்டும். ஈரச்சாலையில் முன்டயர் பிடி விட்டால் கார் நேராகப் போகும். பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தாலே வேகம் குறைந்து பிடி திரும்பும். பின்டயர் விட்டால் கார் சுழலும், கால் எடுத்தால் இன்னும் வேகமாகச் சுழலும். முதல் கோளாறுக்கு மனித சுபாவமே மருந்து, இரண்டாவதற்கு அதே சுபாவம் விஷம். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை முன்பின் மாற்றிப் போட்டுவந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்த வாதமே வராது.

மாடிஃபிகேஷன்: எது எதைக் கெடுக்கும்

பிரேக்கில் முதல் செலவு ஆயிலுக்கு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அதற்கான குறைந்தபட்சம் 155 டிகிரி மட்டுமே. டாட் 5.1க்கு இவை 260, 180. டாட் 5 என்பது சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயரில் '.1' மட்டுமே வித்தியாசம் என்பதால் மாற்றி ஊற்றிவிடுபவர்கள் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், டிராக்கில் ஓட்டுவதானால் ஒவ்வொரு சீசனுக்கும்.

சூட்டில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம், மருந்தும் வேறு வேறு. பெடல் கல்போல இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடியிழந்துவிட்டது; சூடு தாங்கும் பேட் வேண்டும். பெடல் பஞ்சாகி உள்ளே போகிறது என்றால் ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டது. பேட் மாற்றிப் பயனில்லை.

புது பேட்டை டிஸ்க்கோடு பழக்குவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆளில்லாத நேரான பாதையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 80லிருந்து 20 கி.மீ. வரை அழுத்தமாகப் பிரேக் பிடித்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, எட்டு முதல் பத்து முறை செய்யுங்கள். கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது நின்று பெடலை மிதித்துக்கொண்டிருந்தால் பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரு திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி மாற்றப்படுபவை பெரும்பாலும் இந்தத் திட்டுப் படிந்தவைதான். பேட் தயாரிப்பாளர் தன் முறையைத் தனியாக அச்சிட்டிருந்தால் அதுவே வேதம்.

காரைத் தாழ்த்துவதில் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதில் எதுவும் இல்லை. எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடும், ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்கானது. அதனால் அடக்க முடியாமல் கார் குதிக்கும். வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. நல்ல தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டாலும் எல்லை உண்டு. ஸ்ட்ரட் வகை (ஷாக் அப்சார்பரே சக்கரத்தை மேலே பிடித்திருக்கும்) சஸ்பென்ஷனில், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட உயரும் அளவுக்குக் காரை இறக்கினால் ரோல் சென்டர் (கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. விளைவு, தாழ்ந்த கார் வளைவில் அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங், அதனால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்புதல் என்று தொடரும். 25 முதல் 30 மி.மீ. இறக்கி நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். இறக்கியபின் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் புது டயரின் உள்ளோரத்தில் சில ஆயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரியும்.

ஆன்ட்டி ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்து வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி, மலிவான மாற்றம், ஆனால் எந்தப் பக்கம் என்பது முக்கியம். ஒரு டயரின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். வளைவில் எந்த அச்சில் விறைப்பு அதிகமோ அந்த அச்சின் வெளிச்சக்கரம் அதிகப் பாரம் சுமக்கும், அந்த அச்சின் மொத்தப் பிடி குறையும். முன்பாரைத் தடிமனாக்கினால் அண்டர்ஸ்டீர் (திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்ப்பது) கூடும். முன்சக்கரம் இழுக்கும் காரில் பின்பாரைச் சற்றுத் தடிமனாக்கினால் மூக்கு வளைவுக்குள் வரும். அளவு மீறினால் மழையில் வால் சுழலும்.

சைலன்சர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்தம் பிடித்தால், சட்டம் விட்டால் போடுங்கள், வேகத்துக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் அறைக்குள் திறந்து கிடக்கும் கூம்பு ஃபில்டர் சூடான காற்றைத்தான் குடிக்கும். கம்பெனிப் பெட்டி வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும்படி செய்யப்பட்டது. ரீமேப்பில் டர்போ எஞ்சினுக்கு 20 முதல் 30 சதவீதம் டார்க் கூடுவது சாதாரணம், டர்போ இல்லாததற்குச் சில சதவீதமே. டார்க் கூடியபின் முதலில் அழுவது கிளட்ச். உயர்ந்த கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. இன்னொன்று, அதே வளைவுக்கு 100க்குப் பதில் 120ல் வந்து சேர்ந்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுதல். குதிரைத்திறனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஓட்டுகிறவர்

பிரேக்கை முழுக்க மிதித்த நிலையில் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கைகள் ஒன்பது, மூன்று மணி இடங்களில். இது காசு செலவில்லாத மாடிஃபிகேஷன், செய்கிறவர்கள்தான் குறைவு.

பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று எண்ணில் பார்த்தால் காலுக்குப் பொறுமை வரும். 1,200 கிலோ கார், முன்னால் 60 சதவீதம், எடைமையம் 55 செ.மீ. உயரத்தில், சக்கர இடைவெளி 2.5 மீட்டர். 0.9 ஜியில் பிரேக் பிடித்தால் 238 கிலோ முன்னால் போகிறது. பின்னால் இருந்த 480 கிலோவில் மிஞ்சுவது 242. பின்டயர்கள் இரண்டும் பாதிப் பாரத்தில் நிற்கும் அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை வெட்டினால் வால் ஏன் வெளியே வராது? வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விடுவதும் இதே கதையின் சிறு வடிவம். பிரேக்கை வளைவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதை டிரெயில் பிரேக்கிங் என்கிறோம். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு கால் மேலே வர வேண்டும். டயரிடம் இருப்பது ஒரே பிடி. அதைத்தான் நிற்கவும் திரும்பவும் பங்கு போடுகிறோம்.

சாலையில் அவசரம் என்றால் இந்த நயமெல்லாம் வேண்டாம். ஏபிஎஸ் உள்ள காரில் ஓங்கி மிதித்து, பெடல் கடகடவென்று காலை உதைத்தாலும் விடாமல், போக வேண்டிய பக்கம் பார்த்துத் திருப்புங்கள். அந்த உதைப்பில் பயந்து காலைத் தளர்த்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

திரைக்கு முன்னால்

ரேசிங் கேமில் ஓட்டிப் பழகியது நிஜத்தில் உதவுமா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் பாதி சரி. 1997 டிசம்பரில் ஜப்பானில் கிரான் டூரிஸ்மோ வந்தபோது அது ஒரு விளையாட்டு. 2008ல் அதை வைத்தே ஜிடி அகாடமி என்ற போட்டி தொடங்கி, அதில் வென்ற லூகாஸ் ஓர்டோனியஸ் 2011ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாம் இடம் வந்தார். ஆனால் வென்றவர்களை நேரே பந்தயத்தில் இறக்கவில்லை. மாதக்கணக்கில் நிஜக்காரில் பயிற்சி கொடுத்து, உரிமம் எடுக்க வைத்த பிறகுதான் அனுப்பினார்கள். அதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது.

கேமுக்கான ஸ்டீயரிங் வீல் வாங்குவதற்கு முன் பார்வைக் கோணத்தைச் சரிசெய்யுங்கள், அது இலவசம். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளியிருந்தால் சரியான கிடைமட்டக் கோணம் 53 டிகிரி. சில கேம்கள் செங்குத்துக் கோணம் கேட்கும், அப்போது 31. கேமோடு வரும் அமைப்பு பெரும்பாலும் இதைவிட மிக அகலம். அதனால் வேகம் அதிகம்போலத் தோன்றும், வளைவுகள் தூரமாகத் தெரியும், பிரேக் போட வேண்டிய இடம் எப்போதும் தப்பும். சரியான கோணத்தில் முதல் நாள் மந்தமாகவும் இடுக்கமாகவும் இருக்கும். ஒரு வாரம் பொறுங்கள், சுற்று நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்.

அடுத்து ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீலுக்குள் இருக்கும் மோட்டார் கையில் தரும் எதிர்விசை. கனமாக இருந்தால் நிஜம் என்று நினைத்து அளவை உச்சத்தில் வைப்பார்கள். 2 நியூட்டன் மீட்டர் தரும் சிறிய வீலில் அப்படி வைத்தால் வளைவு முழுக்க மோட்டார் தன் உச்சத்திலேயே நிற்கும், அதற்கு மேல் வரும் தகவல் வெட்டுப்பட்டுப் போகும். இழப்பது எதை என்று புரிய வேண்டும். முன்டயர் தன் பிடியின் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் கனம் குறையத் தொடங்கும், நிஜத்திலும் அப்படித்தான். அந்தச் சின்ன இளக்கம்தான் 'போதும், இனி திருப்பாதே' என்று டயர் சொல்வது. அளவைக் குறைத்து, கேமில் இந்த வெட்டைக் காட்டும் கிளிப்பிங் பட்டை நீண்ட வளைவுகளில் சிவப்பைத் தொடாதபடி வையுங்கள். இலேசான வீல் அதிகம் பேசும்.

காசு இருந்தால் பெரிய வீலுக்கு முன் லோட் செல் பெடல். சாதாரணப் பெடல் கால் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும், லோட் செல் எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளக்கும். நிஜக்கார் பிரேக்கும் அழுத்தத்தில்தான் பேசுகிறது, காலின் ஞாபகமும் அழுத்தத்தில்தான். நாற்காலி பின்னால் உருண்டால் எல்லாம் வீண். சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.

டயர் மாடல் என்று கேம்கள் பெருமையடிப்பதன் வேரில் பெரும்பாலும் டச்சுப் பேராசிரியர் ஹான்ஸ் பசேய்க்காவின் 'மேஜிக் ஃபார்முலா' இருக்கும், அல்லது அதற்கு மாற்றாக எழுதியது. டயர் எத்தனை டிகிரி வழுக்கினால் எவ்வளவு பிடி என்று அளந்து, அந்த அளவுகளுக்குப் பொருந்தும் வளைகோட்டைத் தரும் சூத்திரம் அது. அளந்த எல்லைக்குள் நன்றாக இருக்கும். அதைத் தாண்டி, கார் பக்கவாட்டில் முழுக்கச் சறுக்கும்போது கேமுக்குக் கேம் நடத்தை மாறுவதற்கு ஒரு காரணம் அங்கே அளவுகள் குறைவாக இருப்பது. ஆகவே பிரேக் புள்ளி, வளைவுக்கான வரி, பாரம் முன்பின் போவது ஆகியவற்றைக் கேமிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சுழலும் காரைப் பிடிப்பதை முழுதாக நம்ப வேண்டாம். நிஜத்தில் பின்பக்கம் விடுவதை இடுப்பு முதலில் சொல்லும், கண் பிறகு. கேமில் கண் மட்டுமே, அதனால் கை எப்போதும் ஒரு கணம் தாமதம்.

கேமிலிருந்து சாலைக்கு வரக்கூடாதவையும் உண்டு. பந்தய வரி என்பது சாலையில் எதிர்வண்டியின் பாதையை வெட்டுவது. கெர்ப் மேல் ஏறுவது அலாய் வீலையும் டயரின் பக்கச்சுவரையும் உடைப்பது. கேமில் ஒவ்வொரு முறையும் புது டயரோடு, தேயாத சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களோடு, அப்போதுதான் அலைன்மென்ட் பார்த்த காரை ஓட்டுகிறீர்கள். வாசலில் நிற்பது அந்தக் கார் அல்ல.

சஸ்பென்ஷன் செலவுக்கு முன் கேமை ஒரு சோதனைச்சாலையாக வைத்துக்கொள்ள ஒரு வழி. அசெட்டோ கோர்சா மாதிரி அமைப்புகளைத் திறந்துவிடும் கேமில் உங்கள் காரைப் போன்ற எடையும் இழுவையும் உள்ள சாலைக்காரை எடுங்கள். சாலை டயர், ஏபிஎஸ் தவிர வேறு உதவி வேண்டாம், பெட்ரோல் அளவும் பாதை வெப்பமும் மாறாமல். பத்துச் சுற்று ஓட்டி, முதல் மூன்றை விட்டுவிட்டு மீதி ஏழின் சராசரியைக் குறியுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பின்டயர் அழுத்தத்தை 4 பிஎஸ்ஐ கூட்டி, அல்லது பின் ஆன்ட்டி ரோல் பார் ஒரு படி விறைப்பாக, அல்லது முன் கேம்பர் ஒரு டிகிரி. ஓட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், மூக்கு உள்ளே வருமா, வால் இளகுமா, வளைவின் நுழைவிலா முடிவிலா என்று. மறுபடி பத்துச் சுற்று. எழுதியதும் நடந்ததும் தொடர்ந்து ஐந்து முறை பொருந்தும் வரை ஸ்பிரிங் விற்கிறவரிடம் போக வேண்டாம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நிஜக்காரிலும் அப்படியே. அலாய் வீல், ஸ்பிரிங், பார் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு வந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முதலில் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும்.